பழைய விளையாட்டும் புதிய பொறியும்

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவளவில் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர். அவர்களுட் சிலர் இக்கல்லூரியில் எமக்கு முன்னே பயின்றவர்கள்; வேறு சிலர் எமக்குக் கற்பித்தவர்கள். அன்னோர் முன்னிலையில், அதுவும் கல்லூரியின் யூபிலி மலரில், இப்பொருள் பற்றி எழுத முற்படுதல் துணிகரமான செயலென்றே கொள்ளப்படும். ஆயினும் பழைய கணினிகளைத் தேடித் திரட்டிப் பழுது பார்த்து, அவற்றில் முன்பு ஓடிய செய்நிரல்களை மீண்டும் ஓடச் செய்வதைப் பல்லாண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ள எமக்கு, எழுதத் தகுதியுள்ள பொருள் இஃதொன்றே. இலக்கணமும் கணிதமும் எழுத வல்லார் அவற்றை எழுதுக.

மேசைமேல் இருக்கும் தனியாள் கணினியைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே புகழ்கின்றனர். எம் கருத்து வேறு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டதொன்றை இன்றும் ஓட்டிக் காட்டும் ஆற்றலே அதன் தலைசிறந்த குணம் என்போம். அக்குணம் எவ்வாறு வாய்த்தது, இப்பொழுது எதனாற் குறைந்து வருகின்றது என்பதை விளக்குதற்கு விளையாட்டுகளைப்போல் ஏற்ற சான்று பிறிதில்லை.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை அறிவித்தது. புளோரிடா மாநிலத்துப் போக்கா ராட்டன் நகரில் சிறியதொரு குழு அதனை ஆக்கிற்று. காலம் குறுகியதாகையால் அக்குழுவினர் எல்லாவற்றையும் தாமே செய்ய முற்படாது, சந்தையிற் கிடைத்த உறுப்புகளை வாங்கிப் பூட்டினர். நுண்செயலி இன்ரெல் நிறுவனத்தின் 8088. இயக்குமுறைமை மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்தது. மிகக் குறைந்த அமைப்பின் விலை 1,565 டொலர்; அதிலிருந்த நினைவகம் 16 கிலோபைற். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் மிகச் சிறு துண்டே அதனுள் அடங்கும்.

இவற்றினும் முக்கியமானது அவர்கள் வெளியிட்ட தொழினுட்பக் கையேடு. பொறியின் மின்சுற்றுப் படங்களும், அது விழித்தெழும்போது முதலில் ஓடும் அடிப்படைச் செய்நிரலின் முழு வரிகளும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. பிறர் இணைப்பட்டைகளைச் செய்து விற்கட்டும் என்பது அவர்தம் எண்ணம். அச்செய்நிரலை அப்படியே எடுத்தாள்வது பதிப்புரிமைக்கு மாறு. ஆதலால் கொம்பாக் நிறுவனத்தார், அது என்ன செய்கின்றது என்பதை ஒரு சாரார் எழுத, மூலத்தைக் கண்ணாலுங் காணாத மற்றொரு சாரார் அக்குறிப்பை மாத்திரங்கொண்டு புதிதாக ஒன்றை ஆக்கும்படி செய்தனர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்ட அவர்களது கணினி, ஐ.பி.எம். பொறிக்கென எழுதியவற்றை ஓட்டிற்று. அவ்வழியே பலரும் புகுந்தனர். முதலிற் செய்தவருக்கு அது நட்டம், உலகத்துக்கு இலாபம். மூடியைத் திறந்து பார்க்கவும், ஓர் உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பூட்டவும் உரிமை தந்த பொறி ஒன்று அப்படித்தான் உலகெங்கும் பரவிற்று.

இனி விளையாட்டுக்கு வருவோம். எம் முதற் கணினி 1990களின் இறுதியில் நண்பர் மூவர் கூடிப் பணஞ் சேர்த்து வாங்கிய பழைய 386. அதனுடன் வந்த நெகிழ்வட்டுகளுள் ஒன்றில் மோட்டார்ப் பந்தய விளையாட்டு ஒன்று இருந்தது. ஓட்டிப் பார்த்தோம். பந்தயம் தொடங்கியதுந் தெரியவில்லை, முடிந்ததுந் தெரியவில்லை. விசையில் விரல் வைக்குமுன் வண்டி மதிலில் மோதி நொறுங்கிப் போயிற்று. விளையாட்டுப் பழுதென்று எண்ணினோம். பழுது விளையாட்டில் இல்லையென்பது பின்னரே விளங்கிற்று.

காரணம் இது. முதற் பொறியின் தாய்ப்பலகையில் செக்கனுக்கு ஏறத்தாழ 1 கோடியே 43 இலட்சம் தடவை துடிக்கும் குவாட்சுப் பளிங்கு ஒன்று இருந்தது. அத்துடிப்பை நான்காற் பிரித்தால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வேண்டிய அலை கிடைக்கும். மூன்றாற் பிரித்தால் நுண்செயலிக்கு வேண்டிய துடிப்பு, அதாவது 4.77 மெகாஹேட்ஸ் கிடைக்கும். 4.77 என்னும் விந்தையான எண் வந்த வழி இதுவே. ஒரு பளிங்கைக் கொண்டு இரண்டு வேலையையும் முடித்த சிக்கனம் அது. அக்காலத்தில் விளையாட்டு எழுதியோர் பலர் எல்லாப் பொறிகளும் என்றென்றும் இவ்வேகத்திலேயே ஓடும் என்று நம்பிவிட்டனர். திரையில் ஒரு வண்டியை நகர்த்துகின்றோம். அடுத்த நகர்வுக்குமுன் சிறிது தாமதம் வேண்டும். அதற்கு அவர்கள் நுண்செயலியை வெறுமனே ஒன்றிலிருந்து சில ஆயிரம்வரை எண்ணும்படி ஏவினர். எண்ணி முடிய எடுக்கும் நேரமே தாமதம்.

எங்கள் பாட்டிமார் பிட்டு அவியும் நேரத்தை ஒரு பாட்டைப் பாடி அளந்தனர். பாட்டி பாடும்வரை பிட்டுக்குக் கேடில்லை. அதே பாட்டை அவசரக்காரப் பேரன் பாடினால் பிட்டு வேகாது. 386 என்பது அந்தப் பேரன். ஆயிரம் என்று எண்ணச் சொன்னால் கண்ணிமைக்குமுன் எண்ணிவிட்டு வந்து நிற்கும்.

ஆயினும் பிட்டுக்கென ஒரு மணிக்கூடும் அந்த முதற் பொறியில் இருக்கத்தான் செய்தது. அதே பளிங்கின் துடிப்பைப் பன்னிரண்டாற் பிரித்து, அதனை மீண்டும் 65,536 ஆற் பிரித்து, செக்கனுக்கு 18.2 தடவை அடிக்கும் மணி அது. நுண்செயலி எவ்வளவு விரைவாயினும் அம்மணி மாறுவதில்லை. அதைப் பார்த்து எழுதப்பட்ட விளையாட்டுகள் பிற்காலப் பொறிகளிலும் ஒழுங்காக ஓடின. பாராது எழுதப்பட்டவை தறிகெட்டன. 1990இல் வெளிவந்த விங் கொமாண்டர் போன்ற பெருஞ்செலவில் ஆக்கிய விளையாட்டுக்கூட வேகமான பொறிகளில் ஆட முடியாதபடி விரைந்தோடிற்று.

இக்குறைக்கு வன்பொருள் செய்வோர் கண்ட மருந்து, கணினிப் பெட்டியின் முகப்பில் வைத்த டேர்போ விசை. பெயரைக் கேட்டால் வேகங் கூட்டும் விசைபோலத் தோன்றும். உண்மையில் அதன் பயன் வேகத்தைக் குறைப்பதே. விசை வேகக்குறைப்பு என்ற பெயருடன் வந்திருந்தால் எவரும் வாங்கியிரார் போலும். அதனருகே சிவப்பு எழுத்தில் 40 என்று ஒளிரும் சிறு பலகை ஒன்றும் இருந்தது. அது வேகத்தை அளந்து காட்டுகின்றது என்று யாம் நெடுநாள் நம்பியிருந்தோம். திறந்து பார்த்தபோது, எந்த எண் தோன்றவேண்டும் என்பதைப் பின்புறத்திலுள்ள சிறு இணைப்பிகளை மாற்றி எவரும் வைத்துக்கொள்ளலாம் என்று கண்டோம். அது எதையும் அளக்கவில்லை! எங்கள் பொறியில் டேர்போ விசையை எத்தனை தடவை அழுத்தியும் மாற்றம் ஏற்படாமைக்குக் காரணமும் அன்றே தெரிந்தது. விசையிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லவேண்டிய கம்பியைப் பூட்டியவர் பூட்டாமலே விட்டிருந்தார். பலகையில் எழுதியிருந்த சிற்றெழுத்துகளைக் கைவிளக்கொளியில் வாசித்து, உரிய ஊசிகளிரண்டில் அக்கம்பியைப் பொருத்தினோம். பந்தய வண்டி அப்பொழுதும் சற்று விரைவாகவே ஓடிற்று. ஆயினும் கைக்கு அடங்கிற்று. கணினியைப் பற்றி யாம் கற்ற முதற்பாடம் அதுதான். எழுத்தறிவித்த பெருமை ஒரு மோட்டார்ப் பந்தயத்துக்கு உரியது என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கின்றோம்.

இரண்டாம் பாடம் நினைவகம். 8088 நுண்செயலி எட்டக்கூடிய இடம் 1,024 கிலோபைற். அதில் மேற்பகுதி 384ஐத் திரைக்கும் நிலையான செய்நிரல்களுக்குமென ஒதுக்கி, எஞ்சிய 640ஐப் பயனாளருக்கு விட்டனர். பிற்காலப் பொறியில் நாலாயிரம் கிலோபைற் இருந்தாலும், டொஸ் இயக்குமுறைமையில் பழைய 640 என்னும் வேலி நீங்கவில்லை. விளையாட்டோ அவ்வேலிக்குள் 600 வெறுமையாக வேண்டும் என்று அடம்பிடிக்கும். சுட்டிக்கு வேண்டியது ஒன்று, ஒலிக்கு வேண்டியது ஒன்று எனத் தொடக்கத்தில் ஏறும் சிறு செய்நிரல்களை ஒவ்வொன்றாக வேலிக்கு மேலே தூக்கி வைத்தால்தான் இடம் கிடைக்கும். அதற்கென இருந்த இரண்டு கோப்புகளைத் திருத்தித் திருத்தி நள்ளிரவு கழிந்த நாள்கள் பல. விளையாடிய நேரத்திலும் விளையாடுவதற்கு ஆயத்தஞ் செய்த நேரமே மிகுதி என்றால் மிகையாகாது. விளையாட்டால் படிப்புக் கெடும் என்பாருக்கு எம் விடை இதுவே. அன்றைய விளையாட்டு, பொறியைப் படியாதவனை உள்ளே விடாது. இன்றைய விளையாட்டுக்கு இவ்விடை பொருந்துமோ எனில், பொருந்தாதென்றே சொல்வோம்.

ஒலி பற்றி ஒரு சொல். முதற் பொறிகளில் இருந்தது கீச்சிடும் சிறு ஒலிபெருக்கி ஒன்றே. 1987இல் அட்லிப் பட்டையும், 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் ஆக்கிய சவுண்ட் பிளாஸ்டரும் வந்தபின்னரே இசையும் மனிதக் குரலும் எழுந்தன. சிம் வொங் ஹூ என்பவர் தொடங்கிய அந்நிறுவனம், அமெரிக்கர் ஆண்ட துறையொன்றில் ஆசியச் சிறு நாடொன்றிலிருந்து புகுந்து தன் பெயரையே நியமமாக்கிற்று. அதுவும் மூடி திறக்கும் பொறியாக இருந்தமையாற் கூடிய காரியம்.

இதுவரை சொன்னவை நடந்தேறிய ஆண்டுகளில் எம் போன்றோர் எங்கிருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிதாகவே, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் ஒரு திரியுமிட்டு அவ்வொளியில் பரீட்சைக்குப் படித்தோம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னில் மற்றவர் வானொலி கேட்டோம். உலகம் 1992இல் வுல்ஃபென்ஸ்டைனையும், 1993 டிசெம்பரில் டூமையும் கண்டு வியந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அவற்றின் பெயர்தானும் எம் செவிக்கு எட்டவில்லை. மின்சாரம் மீண்டு, பழைய 386 வந்து, டூமை முதன்முதல் யாம் ஆடியபோது அது உலகுக்குப் பழங்கதை. கனடாவுக்குப் பெயர்ந்த வகுப்புத் தோழன் ஒருவனிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னோம். “உது எப்பத்தையான் பழசடா! இப்ப ஆர் உதை விளையாடுறாங்கள்?” என்றான் அவன். எமக்கு அது புதிது. பிந்தி வந்தவனுக்கும் பந்தி வைப்பது பழைய கணினியின் இயல்பு என்பதை அன்று உணர்ந்தோம். இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே.

டூம் பற்றிச் சிறிது கூறுவோம். ஜோன் கார்மக், ஜோன் ரொமேரோ முதலியோர் ஆக்கிய இவ்விளையாட்டின் முதற்பாகம் இலவசம். விரும்பியவர் படியெடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம். எஞ்சிய பாகங்களுக்கு மாத்திரம் பணம் அனுப்பவேண்டும். ஓடும் செய்நிரலை ஒரு கோப்பிலும், அறைகள், படங்கள், ஒலிகள் ஆகியவற்றை வேறொரு கோப்பிலும் பிரித்து வைத்தமையால், ஆடியவர்கள் தாமே புதிய அறைகளைக் கட்டி மாட்டிக்கொண்டனர். அதன் உள்மணி செக்கனுக்கு 35 தடவை அடிப்பது; எவ்வளவு வேகமான பொறியிலும் எதிரி தன் அளவான நடையிலேயே வருவான். பாட்டைப் பாடி அளந்தவர் செய்த பிழையை இவர்கள் செய்யவில்லை. 1997 டிசெம்பரில் அதன் மூலநிரலை எல்லார்க்கும் திறந்துவிட்டனர். அது முதல் புதிய பொறி எது வந்தாலும் அதில் டூமை ஓட்டிக் காட்டுவது எம் இனத்தாருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. விளையாட்டில் குருதி மிகுதி என்பது உண்மை. அதனைச் சிறுவர் கையிற் கொடுக்கச் சொல்வோமல்லோம்.

பிரின்ஸ் ஒவ் பேர்சியாவை அறியாதவர் எம் தலைமுறையிற் குறைவு. ஜோர்டன் மெக்னர் என்பவர் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அதனைப் பார்த்துத் திரை உருவங்களை வரைந்தார். 1989இல் அப்பிள் II கணினிக்கு வெளிவந்து, பின்னர் ஐ.பி.எம். வகைக்கு மாற்றப்பட்டது. ஒரு மணி நேரத்துள் இளவரசியை மீட்கவேண்டும். முதற்கட்டம் முடிந்தவுடன் எழுத்துப் பொறித்த குப்பிகள் நிறைந்த அறை ஒன்று வரும். உடன் விற்ற கையேட்டின் இன்ன பக்கத்து இன்ன சொல்லின் முதலெழுத்தைக் கொண்ட குப்பியைக் குடித்தால் வழி திறக்கும். பிறவற்றைக் குடித்தால் உயிருக்குக் கேடு. படியெடுத்த நெகிழ்வட்டில் ஆடுவோரைப் பிடிக்கும் பொறி அது. எம் கையிலிருந்தவை யாவும் படியெடுத்தவையே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். அக்குப்பிகளைக் குடித்து இறந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அவ்விளையாட்டின் மூலநிரலை ஆக்கியவரே தொலைத்துவிட்டிருந்தார். 2012இல் அவர் தந்தையார் பழைய பெட்டி ஒன்றில் அந்நெகிழ்வட்டுகளைக் கண்டெடுத்து அனுப்ப, வல்லுநர் துணையுடன் அதனை மீட்டு உலகறிய வெளியிட்டார். இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருந்தால் வட்டிலுள்ள காந்தப்பதிவு அழிந்திருக்கவுங் கூடும்.

இன்றைய விண்டோஸ் 11 பழைய 16 பிற்றுச் செய்நிரல்களை நேரே ஓட்டாது. அதற்கென்று 2002இல் தோன்றியது டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருள். புதிய கணினிக்குள்ளே பழைய கணினி ஒன்றைப் பாவனை செய்து காட்டுவது அது. ஒலிப்பட்டையும் மணியும் 640 வேலியும் அதனுள் அப்படியே உள. கொன்றோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்தினால் உள்ளிருக்கும் பொறி மெதுவாகும். எஃப் 12ஐ அழுத்தினால் விரையும். எங்கள் டேர்போ விசை அங்கே மறுபிறப்பெடுத்துள்ளது! 2008இல் போலந்து நாட்டார் தொடங்கிய கொக் என்னும் இணையக் கடையில், பழைய விளையாட்டுகள் பலவற்றை இதனுடன் சேர்த்துக் கட்டியே விற்கின்றனர். வாங்கியதை வீட்டு வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. எமது பாவத்துக்குப் பரிகாரமாக முன்பு படியெடுத்து ஆடியவற்றுட் சிலவற்றை அங்கு பணங்கொடுத்து வாங்கியுள்ளோம்.

புதியனவற்றின் நிலையே எம்மைக் கவலைப்படுத்துகின்றது. இவற்றுட் பல, வட்டில் வருவனவல்ல, இணையத்தில் வருவன. 2003இல் வால்வ் நிறுவனம் தொடங்கிய ஸ்டீம் முதலிய கடைகளில் யாம் வாங்குவது விளையாட்டையன்று. அதனை ஆடும் அனுமதியை மட்டுமே. கடைக்காரர் இதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் சட்டஞ் செய்துள்ளது. யுபிசொப்ட் நிறுவனம் 2014இல் விற்ற தி குரூ என்னும் மோட்டார்ப் பந்தயம் தனியே ஆடுவதற்குங்கூடத் தொலைவிலுள்ள சேவைக் கணினியின் தொடர்பை வேண்டிற்று. 2024 மார்ச் 31ஆந் திகதி அச்சேவைக் கணினிகள் நிறுத்தப்பட்டன. அன்றுமுதல் பணங்கொடுத்து வாங்கியவர் வீட்டிலும் அப்பந்தயம் ஓடவில்லை. எங்கள் பழைய பந்தயம் மிகை வேகத்தால் ஆட முடியாதிருந்தது. ஒரு கம்பியைப் பூட்டினோம், ஓடிற்று. இதற்குப் பூட்டக் கம்பி எங்கே? மூடியைத் திறந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை. ஓடவேண்டியது வேறொருவர் கட்டடத்திலன்றோ இருந்தது.

இதற்கெதிராக எழுந்த முறையீட்டில் 2025 யூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்து மக்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். சேவையை நிறுத்தும்போது, வாங்கியவர் தாமாக ஆடுதற்கு ஏதேனுமொரு வழியை விட்டுச் செல்க என்பதே அவர்தம் கோரிக்கை. இது மிகையான வேண்டுகோளன்று. எந்நாளும் சேவைக் கணினியை ஓட்டிக்கொண்டிருத்தல் இலாபமற்ற வேலை என்று நிறுவனத்தார் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் அதனை எவருங் கேட்கவில்லை. பழையனவற்றின் நிலையும் மேலானதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 எக்கடையிலும் விற்பனைக்கில்லை என்று அந்நாட்டு ஆய்வொன்று 2023இல் கண்டது.

எம் சிற்சில அபிப்பிராயங்களையும் சொல்லிவைப்போம். கணினிப் பெட்டிக்குள் வானவில் நிறங்களில் ஒளிரும் விசிறிகளை யாம் விரும்புவதில்லை; திருவிழாப் பந்தலில் உட்கார்ந்து கணக்கெழுதுவது போலிருக்கின்றது. நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஒட்டிவிடும் மடிக்கணினிகளையும் விரும்புவதில்லை; ஒரு சில்லுப் போனால் பலகை முழுவதும் போயிற்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்ததைக் காட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளைத் தூக்கியெறிந்தவரை அறிவோம். அவற்றுட் பல லினக்ஸ் இட்டால் இன்னும் பல்லாண்டு உழைக்கக் கூடியவை. விளையாட்டுக்கென வாங்கும் படவியற் பட்டைகளின் விலை பற்றிப் பேசாதிருத்தல் நன்று. அப்பட்டைகளே செயற்கை நுண்ணறிவுக்கு ஏணியாயின என்பதை மட்டும் நினைவூட்டுவோம். 2012இல் தொரொன்ரோப் பல்கலைக்கழகத்தார் படங்களை இனங்காணும் புகழ்பெற்ற வலையமைப்பைப் பயிற்றியது, விளையாட்டுப் பட்டைகள் இரண்டைக் கொண்டே. ஏணி தந்த விளையாட்டுக்காரர், அந்நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால் 2025இன் பிற்பகுதியில் ஏறிய விலைக்கு முன் வாய்பிளந்து நின்றனர்.

நிறைவாக, வீட்டுப் பரணில் பழைய கணினி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஓர் அவசரச் செய்தி. 386, 486 வகைத் தாய்ப்பலகைகள் பலவற்றில் சிறு பீப்பா வடிவான நிக்கல் கட்மியம் மின்கலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது முதுமையிற் கசியும். கசியும் காரம் அருகிலுள்ள செப்புத் தடங்களை அரித்து, சில ஆண்டுகளிற் பலகையையே கொன்றுவிடும். பொறி ஓடுகிறதோ இல்லையோ, முதலில் அம்மின்கலத்தை வெட்டி அகற்றுக. பச்சை படிந்திருப்பின் வினாகிரியிற் தோய்த்த பஞ்சினால் துடைத்து, காய்ச்சி வடித்த நீராற் கழுவி, நன்கு உலர்த்துக. உடனிருக்கும் நெகிழ்வட்டுகளை எறியாது, வாசிக்கக்கூடிய எவரிடமேனும் கொடுத்துப் படியெடுத்து வைக்குக.

எங்கள் 386இல் யாம் பிந்தித்தான் கண்டோம். மூன்று தடங்கள் அறுந்திருந்தன. மயிரிழை போன்ற கம்பியால் அவற்றை இணைக்க இரண்டு மாலைகள் சென்றன. மின்னிணைத்தபோது நினைவகத்தை 4096 வரை எண்ணி முடித்து, வழமைபோல ஒருமுறை கீச்சிட்டது. மோட்டார்ப் பந்தயம் இப்பொழுதும் அதில் ஓடுகின்றது. டேர்போ விசையை மட்டும் அழுத்தலாகாது.